உப்பு பற்றிய ஒரு திருத்தம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு
இந்தப் பக்கம் எங்கள் ஆஸ்பத்திரி.
அந்தப் பக்கத்தில் நெஞ்சு வலித்தால்
கூட்ஸ் வண்டி கடந்து முடியும்வரை
வலி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாசலில் ஒரு கரும்பலகை.
கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று
ஓ.பி. சீட்டு போடுகிற என்னையே
அதற்கும் ஆளாக்கிவிட்டார்கள்.
மேலே செய்தி, நடுவில் நன்கொடை,
கீழே, இடம் மிஞ்சினால், நலக் குறிப்பு.

வியாழன் கண் டாக்டர் வரமாட்டார்,
அவருக்கே மெட்ராஸ் ஐ.
நேற்றிரவு பிரசவ வார்டில் நான்கு, நான்கும் பெண்.
லிஃப்ட் நாளை சரியாகும்.
இந்த 'நாளை'யை
மூன்று வாரமாக நான் அழிக்கவேயில்லை.

மூன்றாவது டயாலிசிஸ் மெஷினுக்குத் தேவை
ஏழு லட்சத்து இருபதாயிரம்.
சேர்ந்தது என்று எழுதி
பக்கத்தில் ஈரத்துணி வைத்திருக்கிறேன்.
பர்மா அத்தோ கடையின் ஒருநாள் வசூல்,
ஷேர் ஆட்டோ ஸ்டாண்டின் உண்டியல்,
தோற்றுப்போன கேரம் டீமின் ஆறுதல் பரிசு.
பெயர் போடாதே என்று ஐந்நூறு கொடுத்தவர்
மறுநாள் வந்து பலகையை
இரண்டு முறை மேலிருந்து கீழ் படித்தார்.
மூன்றாம் நாள் போட்டுவிட்டேன்.

அந்த வாரக் குறிப்பு சின்னது:
'உப்பைக் குறைப்பீர்.
ஊறுகாய், அப்பளம், கருவாடு தவிர்ப்பீர்.'

பத்து மணிக்கு வந்தாள் தேசம்மா.
காசிமேட்டுக் கூடையை
கேட் ஓரம் இறக்கி விற்கிறவள்.
"இன்னா சார் எய்தி வச்சிக்கீற?
காலீலேர்ந்து ஒரு மத்தி போவல.
படிச்சிட்டு படிச்சிட்டு
அப்பால போறானுங்க."

டாக்டர் சொன்னது என்றேன்.
உப்பு, ரத்தக் கொதிப்பு, கிட்னி என்று
எனக்குத் தெரிந்த மூன்றையும் சொன்னேன்.

"எனக்கா சொல்ற?
உள்ள ரெண்டாம் நம்பர் மிஷின்ல
செவ்வாயும் வெள்ளியும் படுக்கறது யாரு?
என் ஆளு கன்னியப்பன்.
பதினாலு மாசமா அவன் வாயில
ஒரு துண்டு கருவாடு வச்சதில்ல நானு.
வாசம் போயி ஆசப்படப் போறான்னு
எதிர் லைன்ல பவுலினு வூட்ல வறுத்து
அங்கியே துன்னுட்டு
வாய கொப்புளிச்சிட்டு வரேன்."

சாக்பீஸ் என் கையில் பொடியாகிக்கொண்டிருந்தது.

"நல்லாகீறவன் எப்படி துன்னணும்னு எய்து.
வென்னீர்ல ஊற வை, தண்ணிய கொட்டு,
மூணு வாட்டி.
கொயம்புல தனியா உப்பு போடாத.
எப்பவாச்சும் துன்னு, தெனம் துன்னாத.
இத்த எய்தறதுக்கு இன்னா?"

டாக்டர் மெஹ்ருன்னிசாவிடம் போனேன்.
ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே கேட்டார்,
சிரித்தார், பேனா எடுத்தார்.
'பிரஷர், கிட்னி உள்ளவர்கள் இப்படியும் சாப்பிடக்கூடாது'
என்று ஒரு வரி சேர்த்தார்.
"இது யார் சொன்னது?"
"மீன் கூடைக்காரம்மா."
"அந்தம்மாவுக்குக் கடைசியா
பிரஷர் பார்த்தது எப்போ?"

நூற்றெழுபதுக்கு நூறு.
கைப்பட்டையைக் கழற்றும்போது
தேசம்மா ஒன்றும் பேசவில்லை.
பிறகு சுருக்குப்பையை அவிழ்த்து
செதில் ஒட்டிய நோட்டுகளாக
முந்நூற்று நாற்பது எண்ணினாள்.
"அவன் பேர்ல போடு.
தெரிஞ்சா திட்டுவான், பரவால்ல,
திட்டட்டும், தெம்பாக்கீறான்னு அர்த்தம்."

ஈரத்துணியால் பழைய தொகையைத் துடைத்தேன்.
கடல் காற்றில் பலகை காய நேரமாகும்,
காய்வதற்குள் எழுதினால் எண் தெரியாது.
நின்றேன்.

சாயங்காலம் கேட் போட்டிருந்தார்கள்.
மாத்திரைப் பையோடு நின்றிருந்த ஒருவர்
குறிப்பைச் சத்தமாகப் படித்தார்.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"வஞ்சிரத்துக்கும் மூணு வாட்டியா?"

ஓரத்தில் விரலளவு இடம் இருந்தது.
'ஆம், வஞ்சிரத்துக்கும்'
என்று எழுதிவிட்டு வந்தேன்.